நாலு சக்கரமும் ரெண்டு சீசனும்



'ஆல் சீசன் பெர்ஃபார்மன்ஸ் டயர்' என்ற பெயரை கார் விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். எல்லாக் காலத்துக்கும் ஏற்ற டயர் என்கிறார்களே, நம் ஊர் டிரைவர்களுக்கு அதனால் என்ன பலன்? ரமணாசிரமம் பகுதியில் டாக்ஸி ஓட்டும் அண்ணன்கள் சிலரிடம் கேட்டேன். முதல் ஆளே சிரித்துவிட்டார். "இங்க சீசன்னா நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் தம்பி, வெள்ளைக்காரங்க வர்ற மாசம்" என்றார். செங்கம் ரோட்டில் அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம்!

டயர் கம்பெனி சொல்லும் சீசன் வேறு. குளிர் நாடுகளில் கோடைக்கு ஒரு செட் டயர், பனிக்காலத்துக்கு ஒரு செட் என்று மாற்றுவார்கள். கோடை டயரின் ரப்பர், குளிர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் விறைத்து, ரோட்டைப் பிடிக்காது. பனி டயரின் ரப்பர் குளிரிலும் மெத்தென்று இருக்கும், ஆனால் வெயிலில் சீக்கிரம் தேய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே வருஷம் முழுக்க ஒரே டயர் போதும் என்று வந்ததுதான் ஆல் சீசன். அமெரிக்காவில் குட்இயர் கம்பெனி 1977ல் 'டியெம்போ' என்ற பெயரில் இப்படி ஒரு ரேடியல் டயரைக் கொண்டுவந்தது. அதோடு அதிக வேகத்தைத் தாங்கும் கட்டுமானமும் வளைவில் நல்ல பிடிப்பும் சேர்ந்தால் 'பெர்ஃபார்மன்ஸ்'.

நமக்கு 7 டிகிரிக்கு எங்கே போவது? மார்கழி விடியற்காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிரிவலம் போகிறோமே, அந்தக் குளிர்கூட டயருக்குக் கோடைக்காலம்தான். நமக்கு இருப்பது சித்திரை வெயில், ஐப்பசி கார்த்திகை மழை, இந்த இரண்டே சீசன். இதில் மோசமான சங்கதி, கார்த்திகை தீபம் சரியாக மழைக்காலத்தில் வருகிறது. சென்னை, பெங்களூர், புதுச்சேரி என்று வண்டி ஓய்வில்லாமல் ஓடும் நாட்களும் ரோடு நனைந்து கிடக்கும் நாட்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

முதலில் வெயிலைப் பார்ப்போம். நான் பேசியவர்களில் பாதிப்பேர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: "வெயில் காலத்துல ரெண்டு மூணு பாயிண்ட் காத்து கம்மியா வைக்கணும், இல்லன்னா வெடிச்சிடும்." கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் நடப்பது தலைகீழ். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த மடக்கல்தான் சூட்டை உண்டாக்குகிறது. சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் அடுக்குகள் பிரியும். நெடுஞ்சாலையில் டயர் வெடிக்க இது ஒரு முக்கியக் காரணம்.

நாம் படித்த வாயு விதியைப் போட்டுப் பாருங்கள். காலையில் 27 டிகிரியில் 30 பாயிண்ட் வைத்த டயர், ஓடி 60 டிகிரி ஆனதும் ஏறக்குறைய 35 காட்டும். (காற்று மண்டல அழுத்தம் 14.7ஐக் கூட்டி, கெல்வினில் போட மறக்காதீர்கள்!) பங்க்கில் இதைப் பார்த்துப் பயந்து 30க்கு இறக்கிவிட்டால், மறுநாள் காலை அதே டயரில் 26கூட இருக்காது. அந்த 5 பாயிண்ட் ஏற்றத்தை எதிர்பார்த்துத்தான் டயரையே செய்கிறார்கள். டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவு, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு.

அடுத்தது மழை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை யாருக்கும் மறக்காது. நம் மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். பெங்களூர் போகும் வழியில் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டி, நின்றிருந்த வண்டிகளையே வெள்ளம் இழுத்துப்போனது. அந்த மாதிரி வெள்ளத்தில் எந்த டயரும் உதவாது. நான் சொல்வது சாதாரண மழையை, ரோட்டில் அரை அங்குலம் தண்ணீர் நிற்கும் நேரத்தை.

டயரின் காடிகள் இருப்பதே தண்ணீரை வெளியே தள்ளத்தான். நம் ஆட்கள் 'பட்டன்' என்று சொல்கிற கட்டைகள் தேய்ந்து காடி ஆழம் குறைந்தால் தண்ணீருக்குப் போக வழியில்லை. டயர் தண்ணீர் மேல் ஏறி மிதக்கும். அப்போது ஸ்டியரிங் காற்றில் சுற்றுகிற மாதிரி லேசாகிவிடும், பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். அமெரிக்காவின் நாசா 1960களில் விமான டயர்களை வைத்து இதற்கு ஒரு கணக்கு கண்டுபிடித்தது. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால் மிதக்க ஆரம்பிக்கும் வேகம் நாட் அளவில் வரும். 30 பாயிண்டுக்கு மணிக்கு 91 கி.மீ., 20 பாயிண்ட் என்றால் 75தான்! கார் டயருக்கு இது தோராயம்தான் என்றாலும், காற்று குறைந்த மொட்டை டயரின் லட்சணம் புரிகிறதல்லவா?

மிதக்காவிட்டாலும் நிற்கும் தூரம் இருக்கிறது. 80 கி.மீ. வேகத்தில் உராய்வுக் குணகம் 0.7 என்று வைத்தால் பிரேக் பிடித்த பிறகு 36 மீட்டரில் நிற்கும். 0.4 என்றால் 63 மீட்டர். நடுவில் உள்ள 27 மீட்டரில் தீபத்துக்கு நடந்து வரும் ஒரு குடும்பமே இருக்கலாம்.

ஒரு அண்ணன் கொஞ்சம் விலை கூடிய மென்மையான டயர் போட்டுப் பார்த்திருக்கிறார். "மழையில சும்மா கப்புனு நிக்குது. ஆனா முப்பதாயிரத்துலயே முடிஞ்சுபோச்சு. பழசு ஐம்பதாயிரம் ஓடும்" என்றார். இதுதான் டயர்காரர்களின் பழைய தலைவலி. பிடிப்பு வேண்டுமா, ஆயுள் வேண்டுமா? ரப்பரில் சிலிக்கா கலந்து இரண்டையும் ஓரளவு சமாளிக்கிறார்கள், முழுசாக முடியவில்லை.

'பெர்ஃபார்மன்ஸ்' பக்கம் வருவோம். 185/65 ஆர் 15 88 ஹெச் என்று எழுதியிருந்தால் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ. ரிம் 15 அங்குலம். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கான குறி, ஹெச் என்பது 210 கி.மீ. வேகம். பெங்களூரிலிருந்து வரும் சொகுசு கார்களில் 225/45 ஆர் 17 இருக்கும். அதற்குப் பக்கச்சுவர் 101 மி.மீ.தான். வளைவில் அருமையாகப் போகும், ஆனால் பள்ளத்தில் விழுந்தால் ரிம் இடித்துப் பக்கவாட்டில் முட்டை மாதிரி வீங்கிவிடும். உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம், அதற்குப் பஞ்சர் கடையில் வைத்தியம் கிடையாது. அழகுக்காக இதை டாக்ஸியில் மாட்ட ஆசைப்படும் நண்பர்கள் யோசிக்கவும்.

இரண்டு டயர் மட்டும் புதுசு வாங்கினால் எங்கே போடுவது? எல்லோரும் "முன்னாலதான்" என்றார்கள், ஸ்டியரிங் அங்கே இருக்கிறதாம். டயர் கம்பெனிகள் பின்னால் போடச் சொல்கின்றன. மழையில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஆக்சிலேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடித்துவிடலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். ஒரு அண்ணன் மட்டும் ஜவ்வாது மலை இறக்கத்தில் அப்படி ஒருமுறை சுற்றிய பிறகு பின்னால் போடுகிறாராம்.

இவ்வளவும் தெரிந்த டிரைவருக்கும் ஒரு கஷ்டம் உண்டு. டயர் வாங்குவது அவர் இல்லை, ஓனர். நாலு டயர் மாற்றும் செலவைச் சொன்னாலே "இன்னும் ஒரு மாசம் ஓட்டுப்பா" என்பார்கள். சிலர் பழைய டயரில் காடி வெட்டி, கறுப்புப் பூசி விற்பதை வாங்கி மாட்டிவிடுவார்கள். மோதினால் கேஸ் டிரைவர் மேல்தான். நம்மில் பலர் வீட்டில் அப்பாவோ மாமாவோ இப்படித்தான் ஸ்டியரிங் பிடிக்கிறார்கள். லீவில் ஆக்டிங் டிரைவராகப் போகிறவர்களும் நம் செட்டிலேயே இருக்கிறார்கள்.

சாவி வாங்குமுன் குனிந்து பாருங்கள். காடிக்குள் குறுக்கே சின்ன மேடு தெரியும், அதன் இடத்தைப் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ முக்கோணமோ காட்டும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் ஆழம் 1.6 மி.மீ., காருக்குச் சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு. ஓனரிடம் "டயர் மோசம்" என்று சொன்னால் வாய்ச்சண்டைதான் வரும். மேட்டைப் போட்டோ எடுத்து, தேதியோடு அனுப்பிவிடுங்கள். இரண்டு அண்ணன்கள் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள், ஒருவருக்கு டயர் வந்துவிட்டது, இன்னொருவர் காத்திருக்கிறார்.