இரத்தம் எடுத்த பிறகு என்ன நடக்கிறது?



"ரத்தத்தை எடுத்து விக்கிறாங்களாம்" என்று லயங்களில் சிலர் பேசக் கேட்கிறோம். இந்தப் பயத்தினால் கர்ப்பிணித் தாய்மார் சிலர் கிளினிக்குக்கே போகாமல் இருந்து விடுகிறார்கள். வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம் உண்டு. பரிசோதனைக்கு எடுப்பதோ ஒரு தேக்கரண்டி அளவுதான்.

அந்த இரத்தம் ஆஸ்பத்திரி லெப்புக்குப் போகிறது. அங்கே வேலை செய்பவரை மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர் என்பார்கள். நாம் அவரைக் காண்பதேயில்லை. ஆனாலும் பல வேளைகளில் அவர் தரும் முடிவைப் பார்த்துத்தான் டொக்டர் மருந்து எழுதுகிறார்.

முதலில் குப்பியிலும் துண்டிலும் உள்ள பெயர் ஒன்றுதானா என்று பார்ப்பார். ஒரே லயத்தில் மூன்று லெட்சுமி இருக்கலாம். ஆகவே முழுப் பெயரையும் வயதையும் சரியாகச் சொல்லுங்கள். கொழுந்து நிறுக்கும் தராசைச் சரிபார்ப்பது போல, அளவு தெரிந்த மாதிரியைப் போட்டுத் தன் இயந்திரத்தையும் சரிபார்ப்பார். பிறகு ஹீமோகுளோபினை அளப்பார். கர்ப்பிணி ஒருவரின் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் அது 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் பார்ப்பதும் உண்டு. சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருந்தால் இரும்புச்சத்துக் குறைவு என்று சந்தேகிக்கலாம். இதைக் கவனிக்காமல் விட்டால், பிரசவத்தில் இரத்தம் போகும்போது தாயின் உயிருக்கே ஆபத்து வரும்.

அவர் வேலை சரியாக நடக்க நாம் செய்ய வேண்டியவை:

1. வெறுவயிற்றில் சீனி பார்க்கச் சொன்னால் 8 மணித்தியாலமாவது ஒன்றும் சாப்பிடக் கூடாது. "வெறுந் தேத்தண்ணி தானே" என்று குடித்தால் முடிவு பிழைத்துப் போகும். பச்சைத் தண்ணீர் குடிக்கலாம்.

2. காசநோய் பரிசோதனைக்கு எச்சில் உதவாது. விடிய எழும்பியதும் நெஞ்சிலிருந்து ஆழமாக இருமி வரும் சளியையே கொடுக்க வேண்டும்.

3. முடிவுத் துண்டைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். உடனே டொக்டரிடம் காட்டுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இந்தத் தொழிலுக்கு நம் பிள்ளைகளும் போகலாம். அதற்கு உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் நன்றாகச் சித்தியடைய வேண்டும். பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் இதற்கான பட்டப் படிப்பு இருக்கிறது. விஞ்ஞானப் பாடத்தில் ஆர்வமுள்ள பிள்ளையை இடையில் நிறுத்தி வேலைக்கு அனுப்பி விடாதீர்கள் என்று அன்பாய்க் கேட்டுக் கொள்கிறோம்.