ஃபோலிக் அமிலம்: எந்த மாத்திரை, எவ்வளவு, எப்போது?

மகப்பேறு வெளிநோயாளர் பிரிவில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. முதல் பரிசோதனைக்கு வரும் தாய், கைப்பையிலிருந்து மூன்று வகை மாத்திரைகளை எடுத்து மேசைமீது வைப்பார். ஒன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தது. மற்றொன்று மருந்துக் கடையில் வாங்கியது. மூன்றாவது, வெளிநாட்டில் பணிபுரியும் கணவர் அனுப்பிய விலையுயர்ந்த புட்டி. மூன்றிலும் ஏதேனும் ஒரு வடிவில் ஃபோலேட் இருக்கும். அளவோ ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடும். “இவற்றில் எது நல்லது?” என்று அவர் கேட்பார். சிலர் மூன்றையும் ஒருசேர உட்கொண்டிருப்பர். சிலர் குழப்பத்தால் எதையுமே தொடாமல் இருந்திருப்பர். இந்த இரண்டாம் வகையினரைக் குறித்தே நாங்கள் அதிகம் கவலை கொள்கிறோம்.

கேள்விக்குரிய விடையை முதலிலேயே கூறிவிடலாம். பெரும்பாலான பெண்களுக்கு ஏற்றது, விலை குறைந்த சாதாரண ஃபோலிக் அமிலமே. மாத்திரையின் வடிவத்தைக் காட்டிலும், அதன் அளவும் அதைத் தொடங்கும் நாளும் முக்கியமானவை. இதற்கான காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

இலையிலிருந்து மாத்திரை வரை

ஃபோலேட் என்பது பி வைட்டமின்களுள் ஒன்று. புதிய செல்கள் உருவாவதற்கும் இரத்த அணுக்கள் முதிர்ச்சியடைவதற்கும் இது இன்றியமையாதது. இதைக் கண்டறிந்த வரலாற்றில் நம் மாநிலத்துக்கும் பங்கு உண்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்து, கர்ப்பிணிகளிடம் காணப்பட்ட ஒருவகைக் கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். 1929-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931-இல் சென்னையில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்கும் அரசு மகளிர் மருத்துவமனையிலும் அவருடைய பணி தொடர்ந்தது. ஈஸ்ட்டிலிருந்து தயாரிக்கப்படும் ஓர் உணவுச் சாறு அந்த இரத்தசோகையைக் குணப்படுத்துவதை அவர் நிறுவினார். அச்சாற்றில் இருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலேட் என்று அறியப்பட்டது.

1941-இல் பசலைக்கீரை இலைகளிலிருந்து இச்சத்து பிரித்தெடுக்கப்பட்டது. இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லே இதற்குப் பெயராயிற்று. பின்னர் 1940-களின் நடுப்பகுதியில், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவின் தலைமையில் இயங்கிய அமெரிக்க ஆய்வுக்கூடத்தில், இது செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. இன்று நாம் மாத்திரையாக உட்கொள்ளும் ஃபோலிக் அமிலம் அதுவே.

முதல் 28 நாள்கள்

கரு உருவான பின்னர், பிற்காலத்தில் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகும் பகுதி, முதலில் ஒரு தகடு போல் இருந்து பின்னர் சுருண்டு குழாய் வடிவம் பெறுகிறது. இதற்கு நரம்புக் குழாய் என்று பெயர். கருத்தரித்த சுமார் 28 நாள்களுக்குள் இக்குழாய் முழுவதுமாக மூடிக்கொள்ள வேண்டும். கீழ்ப்பகுதி மூடாவிட்டால் முதுகெலும்புப் பிளவு ஏற்பட்டு, குழந்தையின் கால்கள் செயலிழக்கலாம். சிறுநீர், மலக் கட்டுப்பாடும் பாதிக்கப்படலாம். மேற்பகுதி மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் வளராத நிலை ஏற்படுகிறது. அக்குழந்தை உயிர் பிழைப்பதில்லை.

இந்தக் காலக்கணக்கைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மாதவிடாய் நாள் தள்ளிப்போய் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குள் இக்குழாய் மூடும் பணி முடிந்துவிடுகிறது. நாள் தள்ளியதை உறுதி செய்து, வீட்டாரிடம் தெரிவித்து, மருத்துவமனைக்கு வந்து பதிவு செய்யும்போது பெரும்பாலும் அக்காலம் கடந்திருக்கும். ஆகவேதான் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே இம்மாத்திரையைத் தொடங்குமாறு கூறுகிறோம். புதுமணத் தம்பதியர் குழந்தைப்பேற்றைத் தள்ளிப்போட எண்ணாவிடில், திருமணமான நாளிலிருந்தே மணப்பெண் இதைத் தொடங்குவது நன்று.

மூன்று வடிவங்கள்

முதலாவது, உணவில் இயற்கையாக உள்ள ஃபோலேட். இது வெப்பத்தால் சிதையும். கீரையையும் பயற்றையும் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் அந்நீரோடு வெளியேறும். எஞ்சுவதிலும் ஏறத்தாழ பாதியளவே உடலில் சேர்கிறது.

இரண்டாவது, ஃபோலிக் அமிலம். இது எளிதில் சிதையாது; நன்கு உறிஞ்சப்படும். உடலுக்குள் சென்றபின் படிப்படியாக மாற்றம் பெற்று, செல்கள் பயன்படுத்தும் வடிவத்தை அடைகிறது.

மூன்றாவது, எல்-மெத்தில்ஃபோலேட். மேற்கூறிய மாற்றங்களின் இறுதி வடிவமே இது. “உடல் நேரடியாக ஏற்கும்” என்னும் விளம்பரத்தோடு, சாதாரண மாத்திரையைவிடப் பல மடங்கு விலையில் விற்கப்படுகிறது. இதை உட்கொண்டாலும் இரத்தத்தில் ஃபோலேட் அளவு உயர்கிறது என்பது உண்மையே. ஆயினும், நரம்புக் குழாய்க் குறைபாட்டைத் தடுக்கும் என்று மனிதர்களிடம் நேரடியாக நிரூபிக்கப்பட்டிருப்பது ஃபோலிக் அமிலம் மட்டுமே.

அந்த நிரூபணம் வலுவானது. முன்னர் இக்குறைபாடுடைய குழந்தையைப் பெற்ற தாய்மாரிடம் 7 நாடுகளில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 1991-இல் வெளியாயிற்று. அதில் 27 கர்ப்பங்களில் குறைபாடு மீண்டும் ஏற்பட்டது. அவற்றுள் 21, ஃபோலிக் அமிலம் பெறாத பிரிவினருடையவை. பெற்ற பிரிவினருடையவை 6 மட்டுமே. இவர்களுக்குத் தரப்பட்ட தினசரி அளவு 4 மில்லிகிராம். இப்பாதிப்பு முன்பு இல்லாத பொதுவான பெண்களிடம் சீனாவில் பெரிய ஆய்வொன்று நடந்தது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் கர்ப்பங்கள் கண்காணிக்கப்பட்டன. அதன் முடிவு 1999-இல் வெளியானது. வடசீனப் பகுதியில், ஃபோலிக் அமிலம் உட்கொள்ளாத பெண்களிடையே 1000-க்கு 4.8 ஆக இருந்த குறைபாடு, கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் உட்கொண்டவர்களிடையே 1000-க்கு 1 ஆக இருந்தது.

மரபணுப் பரிசோதனை தேவையா?

எம்.டி.எச்.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் மாற்றம் உள்ளவர்களின் உடல் ஃபோலிக் அமிலத்தை ஏற்காது என்று சிலர் அஞ்சுகின்றனர். இது மிகைப்படுத்தப்பட்ட அச்சம். இம்மாற்றத்தின் குறிப்பிட்ட வகையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கும் ஃபோலிக் அமிலம் பயன் தருகிறது. மற்றவர்களோடு ஒப்பிடுகையில் அவர்கள் இரத்தத்தில் ஃபோலேட் அளவு ஏறத்தாழ 16 விழுக்காடு மட்டுமே குறைவாக இருக்கும். மேலும், இம்மரபணு மாற்றம் மிகுதியாகக் காணப்படும் பகுதிகளுள் ஒன்று வடசீனம். அங்குதான் சாதாரண ஃபோலிக் அமிலம் மேற்கூறிய பெரும்பயனைத் தந்தது. எனவே, ஃபோலிக் அமிலத்தின் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதற்காக இப்பரிசோதனையைச் செய்துகொள்ளத் தேவையில்லை.

தங்களுக்கு மருத்துவர் மெத்தில்ஃபோலேட் எழுதிக்கொடுத்திருந்தால் அஞ்ச வேண்டாம். தாமாக நிறுத்தவும் வேண்டாம். அடுத்த வருகையில் அதற்கான காரணத்தைக் கேட்டறியுங்கள்.

யாருக்கு எவ்வளவு?

அட்டையின் பின்புறத்தில், ஃபோலிக் அமிலத்தின் பெயருக்கு எதிரே எம்.ஜி. அல்லது எம்.சி.ஜி. என்று ஆங்கிலத்தில் குறிக்கப்பட்டிருக்கும். எம்.ஜி. என்பது மில்லிகிராம், எம்.சி.ஜி. என்பது மைக்ரோகிராம். 1 மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். ஆகவே மருந்துக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 5 மில்லிகிராம் மாத்திரையில், 400 மைக்ரோகிராமைப் போல் பன்னிரண்டரை மடங்கு மருந்து உள்ளது.

கருத்தரிக்கத் திட்டமிடும்போதும் முதல் மூன்று மாதங்களிலும்: பொதுவாகத் தினமும் 400 மைக்ரோகிராம்.

நான்காம் மாதம் முதல்: அரசு வழங்கும் சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை, தினமும் ஒன்று, 180 நாள்களுக்கு. இதில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் அடங்கியுள்ளன. பிரசவத்துக்குப் பின்னரும் 180 நாள்கள் தொடர வேண்டும். இம்மாத்திரை இலவசமாகக் கிடைப்பதால் தரம் குறைந்தது என்று எண்ண வேண்டாம். இதிலுள்ள ஃபோலிக் அமிலமும் விலை கொடுத்து வாங்கும் ஃபோலிக் அமிலமும் ஒன்றே.

4 அல்லது 5 மில்லிகிராம் என்னும் உயர் அளவு சிலருக்கே தேவைப்படுகிறது. முன்பு நரம்புக் குழாய்க் குறைபாடுடைய குழந்தையைப் பெற்றவர்கள், தாய்க்கோ தந்தைக்கோ அக்குறைபாடு இருப்பவர்கள், வலிப்பு நோய்க்கு வால்ப்ரோயேட் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்கள், கர்ப்பத்துக்கு முன்பிருந்தே நீரிழிவு உள்ளவர்கள், தலசீமியா போன்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். உடற்பருமன் மிகுந்தவர்களுக்கும் மருத்துவர் இதைப் பரிந்துரைக்கக்கூடும். இவர்கள் கருத்தரிப்பதற்கு முன்னரே மருத்துவரைச் சந்திப்பது இன்றியமையாதது. 400 மைக்ரோகிராம் இவர்களுக்குப் போதாமல் போகலாம். வலிப்பு மருந்தை எக்காரணத்தைக் கொண்டும் தாமாக நிறுத்தக் கூடாது.

ஏனையோர் உயர் அளவைத் தாமாக உட்கொள்வதால் கூடுதல் பயன் இல்லை. வைட்டமின் பி12 குறைபாடு உள்ளவர்களிடம் ஃபோலிக் அமிலத்தின் உயர் அளவு இரத்தசோகையை மட்டும் சரிசெய்து, நரம்புப் பாதிப்பை வெளித்தெரியாமல் மறைத்துவிடலாம். மீன் உண்ணும் கடற்கரைக் குடும்பங்களுக்குப் பி12 ஓரளவு உணவிலேயே கிடைக்கிறது. சைவ உணவு மட்டுமே உண்பவர்கள் அதை மருத்துவரிடம் அவசியம் தெரிவிக்க வேண்டும்.

உணவு போதாதா?

முருங்கைக்கீரை, பசலைக்கீரை, பாசிப்பயறு, உளுந்து, கொண்டைக்கடலை, நிலக்கடலை, ஆரஞ்சுப் பழம், முட்டை ஆகியவற்றில் ஃபோலேட் உள்ளது. இவற்றை நாள்தோறும் உண்ணுங்கள். ஆனால் இவை மாத்திரைக்கு மாற்று அல்ல. செறிவூட்டப்பட்ட அரிசியிலும் ஃபோலிக் அமிலம் சேர்க்கப்படுகிறது; எனினும் ஒரு கிலோ அரிசியில் 75 முதல் 125 மைக்ரோகிராம் வரையே இருக்கும். ஒருவர் ஒருநாளில் உண்ணும் சோற்றிலிருந்து கிடைப்பது மிகச் சிறிதளவே.

நம் உடன்குடிக் கருப்பட்டியைப் பற்றியும் ஒரு சொல். “கருப்பட்டி சேர்த்த உளுந்தங்களி உண்டால் போதும், மாத்திரை எதற்கு?” என்று வீட்டுப் பெரியோர் கேட்பதுண்டு. உளுந்தங்களி நல்ல உணவு. ஆயினும் தினமும் தேவைப்படும் ஃபோலிக் அமிலத்தை அது ஈடுசெய்யாது. கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்கள் வெள்ளைச் சர்க்கரையைப் போலவே கருப்பட்டியையும் கட்டுப்படுத்த வேண்டும்.

உட்கொள்ளும் முறை

ஃபோலிக் அமிலத்தை எந்த நேரத்திலும் உட்கொள்ளலாம். நாள்தோறும் ஒரே நேரமாக இருந்தால் மறதி குறையும். இரும்புச்சத்து சேர்ந்த மாத்திரையைத் தேநீர், காபி, பாலுடன் உட்கொள்ளக் கூடாது. கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி தேவை. மலம் கருநிறமாக வெளியேறுவது இரும்புச்சத்தால் ஏற்படுவது. அதற்காக நிறுத்த வேண்டாம். ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் வழக்கம்போல் ஒன்று மட்டும் போதும். இரண்டாக உட்கொள்ள வேண்டாம். கடற்காற்றின் ஈரம் படாதவாறு மாத்திரைகளை அவற்றின் அட்டையிலேயே, அடுப்படியை விட்டுத் தள்ளி வைத்திருங்கள்.

குடும்பத்தாருக்கு

முதல் வாரங்களில் மாத்திரை உட்கொள்ளாமல் இருந்துவிட்ட தாய்மார் பலர். பெரும்பாலோர்க்கு நலமான குழந்தையே பிறக்கிறது. தாமதமாக அறிந்தாலும் அன்றே தொடங்குங்கள். தாயின் இரத்த உற்பத்திக்கும் குழந்தையின் வளர்ச்சிக்கும் அது தொடர்ந்து தேவை. ஏறத்தாழ 18 முதல் 20 வாரங்களில் செய்யப்படும் ஸ்கேன் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். முறையாக மாத்திரை உட்கொண்ட தாய்க்கும் அரிதாக இக்குறைபாடுள்ள குழந்தை பிறப்பதுண்டு. அத்தகைய துயரம் நேர்ந்த வீட்டில் தாயைக் குறை கூறுவது நியாயமாகாது. அடுத்த கர்ப்பத்துக்கு முன்னர் அவரை மருத்துவரிடம் அழைத்து வருவதே குடும்பத்தார் செய்யத்தக்க உதவி.

அடுத்த முறை வரும்போது, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் புட்டிகளையும் ஒரு பையில் இட்டுக் கொண்டு வாருங்கள். எவற்றில் எவ்வளவு ஃபோலேட் உள்ளது என்பதைக் கணக்கிட்டு, தொடர வேண்டியது எது, விலக்க வேண்டியது எது என்பதைத் தங்கள் முன்னிலையிலேயே குறித்துத் தருவோம்.