வக்கீல் பட்டமும் கடைக் கல்லாவும்

புளியந்தோப்பு நெடுஞ்சாலையில் மளிகைக் கடை நடத்தும் நம் உறுப்பினர் ஒருவர் அண்மையில் நம்மிடம் கேட்டார்: "பையன் பி.எல். முடித்துவிட்டான். அடுத்து எம்.பி.ஏ. படிக்கிறேன் என்கிறான். வக்கீலாகவும் பதிவு செய்துகொண்டு, கடையையும் பார்த்துக்கொண்டால் நல்லதுதானே?" பல வணிகர் வீடுகளில் எழும் கேள்வி இது. ஆகவே விளக்கமாக எழுதுகிறோம்.

எம்.பி.ஏ. படிக்க வணிகவியல் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. உரிய மதிப்பெண் இருந்தால் சட்டப் பட்டதாரியும் சேரலாம். படிப்பு இரண்டு ஆண்டுகள். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வை எழுதலாம். கடையை விட்டு வர முடியாதவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம், இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை உள்ளன.

ஆக, படிப்பதற்குத் தடை இல்லை. தடை வருவது வக்கீலாகப் பதிவு செய்த பிறகு கல்லாவில் உட்காரும்போதுதான். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்துள்ள விதிகளின்படி, வக்கீல் எவரும் நேரடியாக வியாபாரம் செய்யக் கூடாது. நிர்வாகத்தில் தலையிடாத தூங்கும் கூட்டாளியாக இருக்கலாம். அந்த வியாபாரமும் தொழிலின் கண்ணியத்துக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும். கம்பெனியில் சாதாரண இயக்குநராகலாம். நிர்வாக இயக்குநராக முடியாது. தகப்பனார் விட்டுச் சென்ற கடையில்கூடப் பங்கு வைத்துக்கொள்ளலாமே தவிர, நிர்வாகம் செய்யக் கூடாது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை உண்டு. பதிவேட்டிலிருந்து பெயரே நீக்கப்படலாம்.

இரண்டு தொழிலை ஒருங்கே பார்ப்பதை நீதிமன்றமும் ஏற்கவில்லை. மும்பை மருத்துவர் ஒருவர் மருத்துவத்தை விடாமலே வக்கீலாகப் பதிவு செய்ய விரும்பித் தொடுத்த வழக்கை, உச்ச நீதிமன்றம் 1996-இல் தள்ளிவிட்டது.

அப்படியானால் பி.எல். வீணா? இல்லை. பதிவு செய்யாவிட்டாலும் சட்ட அறிவு கடைக்கு உதவும். செக் திரும்பினால், வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். இந்தக் கெடு தெரியாமல் பணத்தைக் கோட்டைவிட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

எம்.பி.ஏ. கற்றுத் தருவது வேறு கணக்கு. மாதம் 3 லட்ச ரூபாய்ச் சரக்கு விற்கும் கடையில் 6 லட்சத்துக்குச் சரக்கு கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது இரண்டு மாத இருப்பு. அதை ஒரு மாத இருப்பாகக் குறைத்தால் 3 லட்சம் கைக்கு வரும். அது 12 சதவிகித வட்டிக்கு வாங்கிய பணமானால், ஆண்டுக்கு 36,000 ரூபாய் மிச்சம்.

எனவே பெற்றோருக்கு நாம் சொல்வது இதுதான். கடையே பிள்ளையின் தொழில் என்றால் எம்.பி.ஏ. படிக்கட்டும்; வக்கீலாகப் பதிவு செய்ய வேண்டாம். நீதிமன்றமே அவர் விருப்பம் என்றால், கடைக்கு வேறு ஆள் பாருங்கள். ஏற்கெனவே பதிவு செய்துவிட்டவர்கள், தொழிலை நிறுத்திவைப்பதாக மாநில பார் கவுன்சிலுக்கு முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைக்கு வரலாம்.

இந்த முடிவைக் கல்லூரிக் கட்டணம் கட்டிய பிறகு எடுக்காதீர்கள். கட்டுவதற்கு முன்பே, பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு பேசி எடுங்கள்.