கருங்கோழி முட்டையும் இனத்தூய்மையும்

பொருளைக் கண்ணாற் கண்டு, கையால் தொட்டு, விலை பேசிக் கொள்வது உலக வழக்கு. அடைவைத்தற் பொருட்டு வாங்கும் முட்டையோ இவ்வழக்கிற்குப் புறம்பானது. ஓட்டினுள் இருப்பது யாதென விற்பவரும் ஓரளவே அறிவர். வாங்குபவரோ சிறிதும் அறியார். இருவர்க்கும் இடையே நிற்பது வாய்ச்சொல் ஒன்றே. அச்சொல்லைச் சோதிக்கும் வழி யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்ற கோடை விடுமுறையில் என் அத்தையார், கடக்நாத் இனத்தவை என விற்கப்பட்ட 12 முட்டைகளை, நாட்டுக்கோழி முட்டையினும் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கி, வீட்டுப் பேட்டின்கீழ் அடைவைத்தார். 21-ஆம் நாளில் 8 குஞ்சுகள் வெளிப்போந்தன. அவற்றை வளர்த்து, அவை இடும் முட்டைகளை அடைக்கென அயலார்க்கு விற்றுக் குடும்பச் செலவிற்கு உதவி தேடுவதே அவர் எண்ணம். ஆதலின், அவை மெய்யாகவே கடக்நாத் தாமோ என்னும் வினா எளியதன்று.

கடக்நாத், மத்தியப் பிரதேசத்து ஜாபுவா மாவட்டத்தில் பில், பிலாலா என்னும் பழங்குடியினர் வழிவழியாகப் பேணிவந்த இனம். அதன் தோல், தசை, எலும்பு ஆகியவையும் கருமை படர்ந்தவை. ஜாபுவாவின் கடக்நாத் இறைச்சிக்கு 2018-இல் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. புகழ் பெருகவே போலியும் பெருகுதல் இயல்பன்றோ?

முட்டைகளைக் கண்ட அயலார் ஒருவர், "கருங்கோழி முட்டை கறுப்பாய் இருக்கவேண்டாமா?" என்றார். இது பிழை. கடக்நாத் முட்டையின் ஓடு வெளிறிய பழுப்பு நிறத்ததே. கரிய ஓடுடைய முட்டையெனக் காட்டுவோரையே ஐயுறல் வேண்டும். ஆயின் பழுப்பு ஓடும் தூய்மைக்குச் சான்றாகாது. ஓட்டின் நிறம் தாயைப் பொறுத்ததேயன்றித் தந்தையைக் காட்டுவதன்று.

குஞ்சுகள் கருமையாய்ப் பிறந்தமை கண்டு மற்றொருவர், "இனி ஐயமில்லை" என்றார். இதுவும் பிழையே. கோழியினத்தில் மெண்டலின் மரபு விதிகள் பொருந்துதலை பேட்சன் என்னும் அறிஞர் 1902-இல் காட்டினார். உட்கருமையைத் தரும் மரபணு ஓங்கியது. பெற்றோருள் ஒன்றிடமிருந்து வரினும் போதும். அக்கருமையைத் தடுக்கும் மற்றொரு மரபணு வெண்கால், மஞ்சட்கால் கோழிகளிடம் உண்டு. ஆகவே மஞ்சட்காற் சேவல் கலந்திருப்பின் குஞ்சுகள் வெளிறிக் கலப்பைக் காட்டிவிடும். கருங்கால் நாட்டுச்சேவல் கலந்திருப்பினோ குஞ்சுகள் கறுத்தே பிறந்து கலப்பை மறைத்துவிடும்.

இதில் விற்றவர் வஞ்சகரெனத் துணிதலும் ஆகாது. பேடு சேவலின் விந்தைத் தன்னுடலில் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வரை சேமித்துவைக்க வல்லது. முன்பு கூடிய சேவலை நீக்கிச் சில நாட்களே ஆகியிருப்பின், பின்னர் இடும் முட்டையிலும் அதன் வழித்தோன்றல் இருக்கக்கூடும். நேர்மையாளரும் இங்ஙனம் பிழைபடுவர்.

எங்கள் ஐயம் விரலெண்ணிக்கையால் வலுப்பெற்றது. கடக்நாத்துக்குக் காலொன்றுக்கு 4 விரல்களே. எங்கள் குஞ்சுகளுள் ஒன்றற்கு 5 விரல்கள் இருந்தன. ஐந்து விரலும் கருந்தோலும் ஒருங்கே உடையது, பட்டுப்போன்ற இறகுள்ள சில்கி என்னும் சீனத்து இனம். அவ்வினக் கலப்பே இதற்குக் காரணமாதல் கூடும். எஞ்சிய ஏழும் ஐயத்திற்கு உரியனவே.

இனி, காலமே நடுவர். இக்குஞ்சுகள் வளர்ந்து தம்முட் கூடி ஈனும் இரண்டாம் தலைமுறையில் ஒளிந்திருந்தவை வெளிப்படும். நாட்டுச்சேவற் கலப்பாயின் ஏறத்தாழ நான்கில் ஒன்று கருமையின்றித் தோன்றும்; சில்கிக் கலப்பாயின் பட்டிறகு தலைகாட்டும்.

"அதுவரை இம்முட்டைகளைக் கடக்நாத் என்று விற்கமாட்டேன், நாட்டுமுட்டை விலையே போதும்" என்றார் அத்தையார். எதிர்பார்த்த வருவாய் குறைந்தது மெய்யே. எனினும், தாம் ஒரு சொல்லை நம்பி அடைந்த ஐயத்தைப் பிறர்க்கு விற்க அவர் மனம் ஒருப்படவில்லை. முட்டையின் உள்ளீட்டை ஓடு மறைக்கலாம். விற்பவர் தாம் அறிந்ததை மறைத்தலாகாது.