தோளில் ஒரு காக்கா... நெஞ்சில் ஒரு வாள்!

மெடிக்கல் காலேஜ் ஹாஸ்டல் பக்கம் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போயிருக்கீங்களா? கையில் ஒரு எலும்பை வச்சுக்கிட்டு, சுவரைப் பார்த்து மந்திரம் மாதிரி எதையோ முணுமுணுத்தபடி ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். பேய் ஓட்டலை பாஸ்... அனாட்டமி! ‘கிளாவிக்கிள், அக்ரோமியான், கோரகாய்டு...’ பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்தவர் என்றால் கூடவே ஒரு பயமும் ஒட்டிக்கொள்ளும். ‘நமக்கு இங்கிலீஷ் வராது. அதான் மண்டையில ஏறலை!’

அந்தப் பயத்தை முதல்ல தூக்கிப் போடுங்க. ஏன்னா, இதுல ஒண்ணுகூட அசல் இங்கிலீஷ் கிடையாது. எல்லாம் லத்தீன், கிரேக்கம். கான்வென்ட்டில் படித்த பக்கத்து ரூம் பார்ட்டிக்கும் அது புரியாத பாஷைதான். என்ன, அவர் கொஞ்சம் ஸ்டைலாக மனப்பாடம் பண்ணுவார். அந்தக் காலத்து ஆசாமிகள் உடம்பை அறுத்துப் பார்த்தபோது, வீட்டிலும் தெருவிலும் கண்ட சாமான்களின் பேரையே தூக்கி ஒட்டிவிட்டார்கள்.

கழுத்துக்குக் கீழே குறுக்காக ஒரு எலும்பு தட்டுப்படுதா? தொட்டுப் பாருங்க. அதுதான் கிளாவிக்கிள். லத்தீனில் ‘குட்டிச் சாவி’ன்னு அர்த்தம். கையைத் தலைக்கு மேலே தூக்கினால், பூட்டுக்குள்ளே திரும்பும் சாவி மாதிரி இந்த எலும்பும் லேசாகச் சுழலும். பேர் அதனால் வந்தது என்பார்கள் சிலர், வளைந்த உருவத்தால் வந்தது என்பார்கள் சிலர். எப்படியோ, இனிமே மறக்காது! நம்ம ஊரில் இதற்குப் பேர் காறை எலும்பு. காறை என்றால் கழுத்தில் போடும் நகை. ரோமாபுரிக்காரன் கண்ணுக்குச் சாவி, நம்ம ஆள் கண்ணுக்கு நகை. டேஸ்ட்டைப் பாருங்க!

உங்க கையை உடம்போட எலும்பால் இணைப்பது இந்த ஒண்ணுதான். பைக்கிலிருந்து கையை ஊன்றி விழுந்தால் அடிக்கடி இது முறிவதும் அதனால்தான்.

நடு மார்பு எலும்பு இன்னும் சுவாரஸ்யம். அதை முழுசாக ஒரு வாளாகவே பார்த்திருக்கிறார்கள். மேல் துண்டு மனுப்ரியம், அதாவது கைப்பிடி. நடுத்துண்டின் பழைய பேர் கிளாடியோலஸ், குட்டி வாள். (2000-ல் வந்த ‘கிளாடியேட்டர்’ படத்துப் பேரும் இதே வாள்தான்!) நுனி ஸைஃபாய்டு. கிரேக்கத்தில் ‘வாள் போன்றது.’ மொத்த மார்புக்கூட்டுக்கும் ‘தோராக்ஸ்’னு பேர்... போர்வீரனின் மார்புக் கவசம்!

தோள்பட்டைக்கு வருவோம். முன்பக்கம் வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும் கோரகாய்டு, காக்காவின் அலகு. மேலே இருக்கும் அக்ரோமியானில் ‘அக்ரோ’ என்றால் உச்சி, ‘ஓமோஸ்’ என்றால் தோள். ஏதென்ஸில் உச்சியில் நிற்கும் அக்ரோபோலிஸிலும் இருப்பது அதே ‘அக்ரோ’. விலா ஓரத்தில் பல் பல்லாக ஒட்டியிருக்கும் செர்ரேட்டஸ் தசையின் பேர் லத்தீன் ரம்பத்திலிருந்து வந்தது.

ஜிம்மில் ‘டெல்ட்ஸ்’ ஏத்தும் பார்ட்டிகளே, உங்களுக்கும் உண்டு. தோளை மூடும் டெல்டாய்டு, முக்கோணமான ‘டெல்டா’ என்ற கிரேக்க எழுத்து மாதிரி இருப்பது. நைல் நதி முகத்துவாரத்துக்கும் அந்தப் பேர்தான், காவிரிக்கும் அதுதான். ஆக, தஞ்சாவூர்க்காரருக்கு ஊரும் டெல்டா, தோளும் டெல்டா!

‘தமிழ்ல அனாட்டமியா... காமெடி பண்ணாதீங்க’ங்கிறீங்களா? 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் கிரீன், தமிழ் கற்று, தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். அவருடைய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-ல் அச்சானது. அங்காதிபாதம்னா அனாட்டமிதான்.

அப்புறம் வார்டுக்குப் போவீங்க. அங்கே எந்தப் பாட்டியும் ‘தோராக்ஸ்’னு சொல்லாது. ‘நெஞ்சு கரிக்குதுப்பா’ங்கும் ஒண்ணு. ‘நெஞ்சை அடைக்குது’ங்கும் இன்னொண்ணு. முதலாவது நேற்று தின்ன பஜ்ஜியாக இருக்கலாம், ரெண்டாவதுக்கு ஓடிப்போய் ஈ.சி.ஜி. எடுக்கணும். ‘விலாவுல பிடிச்சுக்கிச்சு’, ‘தோள்பட்டை எறங்கிப்போச்சு’ எல்லாம் வரிசை கட்டி வரும். அப்போ அந்தப் பக்கத்து ரூம் கான்வென்ட் பார்ட்டி, மெதுவா உங்க காதுகிட்ட வந்து கேட்பார்: “மச்சி, அந்தப் பாட்டி என்ன சொல்றாங்க?”