தோண்டாதே, தேடு!

ஜிபிஎஸ் எண்களைப் பிடித்துக்கொண்டு ஒளித்து வைத்ததைத் தேடும் விளையாட்டு ஜியோகேஷிங். பர்கூர் வட்டாரத்துப் பாறைகளுக்கு அது எப்படிப் பொருந்தும்?

செல்போன் வரைபடத்தில் ‘பர்கூர்’ என்று தட்டினால் இரண்டு ஊர்கள் போட்டி போடும். ஒன்று ஈரோடு மாவட்டத்தில், அந்தியூருக்கு மேலே, நாட்டுமாட்டுக்குப் பேர்போன மலையூர். இன்னொன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரம், வரிசை வரிசையாக ஜவுளிக்கடைகள் வைத்து ‘குட்டி சூரத்’ என்று பெயரெடுத்த ஊர். இரண்டுக்கும் நேர்கோட்டில் அளந்தாலே நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். பெயரை மட்டும் நம்பினால் ஆளை இடம் மாற்றி இறக்கிவிடும். ஏறக்குறைய 12 டிகிரி 33 நிமிடம் வடக்கு, 78 டிகிரி 21 நிமிடம் கிழக்கு என்று சொல்லிவிட்டால் குழப்பத்துக்கே இடமில்லை. அது ஜவுளிக்கடை பர்கூர்தான்.

இந்த எண்கள்தான் ஜியோகேஷிங்கின் முதலீடு. ஒருவர் எங்கோ ஒரு சின்னப் பெட்டியை மறைத்து வைக்கிறார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் செயலியில் போடுகிறார். மற்றவர்கள் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் சீட்டில் பெயரும் தேதியும் எழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். பணம் கிடையாது, கோப்பை கிடையாது. ஆனாலும் உலகம் முழுக்க முப்பது லட்சத்துக்கு மேல் இப்படிப் பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன.

ஒரு வாளியில் தொடங்கியது

2000 மே மாதம் வரை பொதுமக்களுக்குக் கிடைத்த ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. கையிலிருக்கும் கருவி நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். மே 2-ம் தேதி அதிபர் கிளின்டன் அரசு அந்தக் கலப்படத்தை நிறுத்தியது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் ஊருக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்தார். உள்ளே சில புத்தகங்கள், மென்பொருள், கவண், கொஞ்சம் பணம், ஒரு டின் அவரை, ஒரு நோட்டு, பென்சில். இடத்தின் எண்களை இணையத்தில் அறிவித்து ஒரு நிபந்தனை போட்டார்: ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள், ஏதாவது வைத்துவிட்டுப் போங்கள். சில நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் முதல் ஆளாகக் கண்டுபிடித்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென்றே தளம் தொடங்க, விளையாட்டு பரவியது.

அந்த முதல் வாளி பாதி மண்ணுக்குள் இருந்தது. இன்றைய விதிப்படி அதற்கு அனுமதி கிடைக்காது. வைப்பதற்காகவும் மண்ணைத் தோண்டக் கூடாது, எடுப்பதற்காகவும் தோண்டக் கூடாது. இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்கு இதுதான் மிக முக்கியம்.

கடைசிப் பத்து மீட்டர்

புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாவற்றையும் செல்போன் செய்துவிடும் என்று நினைக்கிறார்கள். விளையாட்டில் பயன்படும் எண்ணில் நிமிடத்துக்குப் பின் மூன்று தசமம் இருக்கும். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நகரும். கணக்கு அவ்வளவு நுணுக்கம். கருவிக்கு அந்த நுணுக்கம் கிடையாது. திறந்த வெளியிலேயே நல்ல செல்போன் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை தவறும். கிருஷ்ணகிரிப் பக்கம்போல மொட்டைப் பாறைகள் செங்குத்தாக நிற்கும் இடங்களில் சமிக்ஞை பாறையில் பட்டுத் திரும்பி வந்து கருவியை இன்னும் ஏமாற்றும். திரையில் அம்பு வடக்கே போ என்னும், ஒரு அடி வைத்ததும் தெற்கே போ என்னும்.

அப்போது செல்போனைப் பையில் போட்டுவிட வேண்டும். சற்றுத் தள்ளி நின்று, ஒளித்தவன் மூளையோடு இடத்தைப் பார்க்க வேண்டும். எந்தக் கல் வெயிலில் வெளுக்காமல் இருக்கிறது? எந்தக் குச்சிகள் தானாக விழுந்தவைபோல இல்லை? ஒவ்வொரு பெட்டிக்கும் கண்டுபிடிக்கும் சிரமத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் உண்டு, நடந்து ஏறும் சிரமத்துக்குத் தனியாக இன்னொன்று. முதலில் இரண்டிலும் ஒன்று, ஒன்றரை என்று இருப்பவற்றை எடுப்பதுதான் புத்திசாலித்தனம். விரல்நுனி அளவே இருக்கும் காந்தக் குப்பிகள் உண்டு. அவற்றில் கைவைத்தால் ஆர்வம் முதல் நாளே ஆவியாகிவிடும்.

பெட்டிக்கு இங்கே வேலையில்லை

வெளிநாட்டுப் பூங்காக்களில் பிறந்த விளையாட்டை அப்படியே தூக்கி வந்து பர்கூர் கடைவீதியில் வைக்க முடியுமா? முடியாது என்றுதான் தோன்றுகிறது. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டி. பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் ‘சந்தேகப்படும்படியான பொருளைத் தொடாதீர்கள்’ என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருக்கிற நாடு இது. இங்கிலாந்திலேயே 2011-ல் வெதர்பி என்ற சிற்றூரில் ஒருவர் தெருவில் ஒளித்த பெட்டியைப் பார்த்து மிரண்டு, ராணுவத்தின் வெடிகுண்டுப் பிரிவு வந்து அதைத் தகர்த்தது. துணி எடுக்க மூன்று மாநில மக்கள் குவியும் தெருவில் அந்தச் சோதனை வேண்டாம்.

இரண்டாவது, இன்னும் ஆழமான காரணம்: புதையல். கிருஷ்ணகிரி மாவட்டத்து மலைகளில் பெருங்கற்காலக் கல்திட்டைகளும் கல்வட்டங்களும் சிதறிக் கிடக்கின்றன. அவை முன்னோர்களின் ஈமச் சின்னங்கள். அடியில் தங்கம் இருக்கும் என்று நம்பி இரவோடு இரவாக உடைத்துப் போட்டவர்கள் ஒருபுறம், கல்லுக்காகப் பெயர்த்தவர்கள் மறுபுறம். ஆகவே பையும் செல்போனுமாக மலையடிவாரத்தில் குனிந்து குனிந்து தேடும் வெளியூர் ஆளைப் பார்த்தால் ஊர்க்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். “யாரு சார் நீங்க? எந்த ஊரு? மலையில என்ன தேடறீங்க?” என்று கேட்பார்கள். கேட்க வேண்டும். அந்தக் கேள்விதான் பல கல்திட்டைகளை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறது.

சட்டமும் கேட்கும். 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாகக் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் தோண்டுவதும் கல்லை நகர்த்துவதும் குற்றம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவதும் அப்படியே. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி முற்றும் காலத்தில் யானைக் கூட்டம் இறங்கும். யானைக்குச் செயலி தெரியாது.

பெட்டியில்லாத கேள்வி

இதற்கு மாற்று, விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2004-ல் அமெரிக்க நிலவியல் கழகத்தின் முயற்சியில் ‘எர்த்கேஷ்’ என்ற வகை தொடங்கியது. முதலாவது இடம் ஆஸ்திரேலியாவில். இதில் ஒளித்து வைக்க எதுவும் இல்லை. எண்கள் ஒரு பாறைக்கோ அருவிக்கோ கூட்டிப் போகும். அங்கே நின்று கண்ணால் பார்த்தால் மட்டுமே விடை தெரியக்கூடிய கேள்வி ஒன்று காத்திருக்கும். விடையை அனுப்பினால் கண்டுபிடித்ததாகக் கணக்கு. இதே முறையைக் கோட்டைக்கும் நடுகல்லுக்கும் நீட்டி, நண்பர்கள் தங்களுக்குள்ளேயே ஆடலாம். பர்கூரைச் சுற்றி அதற்கு எத்தனையோ இடங்கள்.

பாறையிலிருந்தே தொடங்கலாம். இந்த மாவட்டத்தின் அடித்தளப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானவை. பெரும் வெப்பத்தில் குழைந்து, மடிந்து, இறுகியதால்தான் வெட்டிய பலகையில் ரோஜாநிறமும் சாம்பலும் கறுப்புமாக அலைகள் ஓடுகின்றன. பர்கூர், ஜெகதேவிப் பக்கத்துக் கிரானைட் பட்டறைகளில் மெருகேற்றி அடுக்கியிருப்பது இந்த அலைகளைத்தான். ‘பாரடைசோ’ என்று ஏற்றுமதியாகும் கிரானைட் கிருஷ்ணகிரிச் சரக்கு. கேள்வி: சாலையோரப் பாறை ஒன்றில் வெளிர் பட்டையைக் கறுப்புப் பட்டை வெட்டிப் போகிறதா, அல்லது கறுப்பை வெளிர் வெட்டுகிறதா? எது பிந்தி வந்தது என்பது அதில் தெரிந்துவிடும்.

அடுத்தது ஜெகதேவி. கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பகுதிகளைச் சேர்த்துப் பழைய ஆவணங்கள் ‘பாராமகால்’ என்கின்றன. அதன் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்று, பர்கூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் இந்த ஊரில். விஜயநகர காலத்து ஜெகதேவராயரோடு பன்னிரண்டையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். மகாராஜாகடை, தட்டக்கல் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். தலைமைக் கோட்டையான கிருஷ்ணகிரியை ஊரார் சையத் பாஷா மலை என்பார்கள். 1791-ல் ஆங்கிலேயர் தாக்கிப் பார்த்தும் அது வசப்படவில்லை. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்தில் பாராமகால் முழுவதையும் திப்பு சுல்தான் விட்டுக்கொடுக்க, கோட்டையும் சேர்ந்து கைமாறியது. கேள்வி: ஏறும் வழியில் பாறையே சுவராக நிற்பது எங்கே முடிகிறது, மனிதன் அடுக்கிய கல் எங்கே தொடங்குகிறது?

எண்களுக்கும் இந்த வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது அங்கே இருந்த வில்லியம் லாம்டன் என்ற அதிகாரிதான், கைக்கு வந்த நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் திட்டம் கொடுத்தார். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே சங்கிலி போட்டு அடிக்கோட்டை அளந்தார். இந்திய ஊர்களுக்குத் துல்லியமான அட்சரேகையும் தீர்க்கரேகையும் எழுதிக்கொடுத்த பெரும் அளவைப் பணி அங்கிருந்து கிளம்பியதுதான்.

இனி மயிலாடும்பாறை. பர்கூர் வட்டம், தொகரப்பள்ளிப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சிற்றூரில் 2003-ல் பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வு செய்தார். 2021-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை மறுபடி இறங்கியது. அங்கே கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 1615 என்றும் கி.மு. 2172 என்றும் ஆய்வில் தெரிய, 4,200 ஆண்டுகளுக்கு முன்பே தமிழகத்தில் இரும்பு இருந்தது என்று 2022 மே மாதம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2025 ஜனவரியில் வெளியான அறிக்கையில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அதையும் முந்திவிட்டது. ஆனாலும் காலக்கணக்கை முதலில் அசைத்தது பர்கூர்ப் பக்கத்து மண். இங்கே கேள்வி கேட்கும்போது கண் மட்டும் போதும், கை வேண்டாம். ஒரு ஓட்டுத் துண்டைக்கூட எடுத்துச் சட்டைப்பையில் போடக் கூடாது. கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அது சான்று.

மல்லச்சந்திரம் மலைமேல் கல்திட்டைகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. நான்கு பக்கமும் பலகைக் கல், மேலே மூடுகல், ஒரு பலகையில் வட்டத் துளை. சிலவற்றின் உட்சுவரில் வெள்ளை ஓவியம் தெரியும். இத்தகையவற்றைப் பாண்டவர் வீடு என்பது பல ஊர்களில் உள்ள வழக்கம். துளை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது இங்கே நல்ல கேள்வி. செல்போனில் திசைகாட்டி இருக்கிறதே.

காவேரிப்பட்டினம் அருகே பெண்ணேஸ்வரமடத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். ஆநிரை மீட்டோ ஊரைக் காத்தோ விழுந்த வீரனுக்கு எழுப்பிய கல் அது. எழுத்துள்ள பழைய நடுகல் பெரும்பாலும் அரசன் பெயரையும் ஆட்சியாண்டையும் சொல்லி, ஊர், சண்டை, வீரன் பெயர் என்று நிற்கும். யார், எங்கே, எப்போது என்ற மூன்றும் அதில் அடக்கம். ஜியோகேஷிங் பெட்டிக்குள் இருக்கும் சீட்டு கேட்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

கிளம்பும் முன்

செயலியில் இலவசக் கணக்கே தொடக்கத்துக்குப் போதும். செல்போன் சமிக்ஞை கிடைக்காத மலைகளுக்காக வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மொட்டைப் பாறை காலை பத்து மணிக்கே சுடும். அதற்குள் ஏறி இறங்கிவிடுவது நல்லது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை உகந்த காலம். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வெளிநாட்டுக் கருவிகளை உரிமமில்லாமல் வைத்திருக்க இந்தியச் சட்டத்தில் இடமில்லை. சாதாரண ஜிபிஎஸ்ஸும் செல்போனும் போதும். தனியாகப் போகாதீர்கள். மலையடிவாரத்து டீக்கடையில் முதலில் உட்காருங்கள். “கல்வீடு பார்க்க வந்தோம்ணா, எதையும் தொடமாட்டோம்” என்று நாமே முந்திச் சொல்லிவிட்டால் பாதிச் சந்தேகம் போகும். பல சமயம் வழிகாட்டவே ஒருவர் கூட வந்துவிடுவார்.

பாராமகாலுக்குப் பன்னிரண்டு கோட்டை என்றால், பன்னிரண்டு இடம், பன்னிரண்டு கேள்வி என்று ஒரு சுற்று தயாரிக்கலாமே! பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. எண்களைச் சரிபார்க்க அங்கே மாணவர்கள் உண்டு. கேள்விகளைத் திருத்திக் கொடுக்க அருங்காட்சியகமும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர் குழுக்களும் இருக்கின்றன. தொல்லியல் துறையும் வனத்துறையும் எந்த இடத்துக்கு வரலாம், எதற்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டால் செலவென்று எதுவுமில்லை. ஒரு கல்லை அசைக்காமல் மாவட்டத்தையே சுற்றிக் காட்டிவிடலாம். பன்னிரண்டுக்கும் விடை சொன்னவர்களுக்குப் பரிசு தர வேண்டுமென்றால் கிருஷ்ணகிரியில் அதற்கும் பஞ்சமில்லை: சீசனில் ஆளுக்கு ஒரு பெட்டி மாம்பழம். அந்தப் பெட்டியை மட்டும் யாரும் ஒளித்து வைக்க வேண்டாம்.