சின்னப் பிள்ளைகள் வீட்டில் ஆடிப் பழகலாமா?

பள்ளிக்கூட ஆண்டு விழா நெருங்கும்போதெல்லாம் கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. எல்.கே.ஜி. படிக்கும் பிள்ளையை டான்ஸில் சேர்த்துவிட்டார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு சினிமாப் பாட்டு வந்திருக்கிறது, தினமும் வீட்டில் பழக்கச் சொல்லி. பிள்ளைக்கு ஒரே குதூகலம். உம்மாவுக்குச் சங்கடம். பெரியம்மா "தவ்பா, தவ்பா" என்கிறார். வளைகுடாவில் இருக்கும் வாப்பாவோ, "ஆடுறதை வீடியோ எடுத்து அனுப்பு, பார்க்கணும் போல இருக்கு" என்கிறார். ஆடலாமா, கூடாதா?

ஹலால், ஹராம் என்று ஒரே சொல்லில் பதில் கேட்பவர்கள்தான் அதிகம். ஆனால் ஆட்டம் என்று நாம் சொல்வதில் வெவ்வேறான இரண்டு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. மழையைக் கண்டதும் மூன்று வயதுப் பிள்ளை முற்றத்தில் சுற்றிச் சுற்றிக் குதிப்பது ஒன்று. திரையில் ஒரு நடிகையோ நடிகரோ செய்ததை அசைவுக்கு அசைவு பார்த்து, கண்ணாடி முன் நின்று பழகி, மேடையில் செய்துகாட்டுவது இன்னொன்று. முதலாவதைப் பிள்ளைக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. இரண்டாவதை நாம்தான் கற்றுக்கொடுக்கிறோம்.

முதலாவதைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. பருவம் அடையாத பிள்ளையை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது, அதாவது அதன் செயலுக்குக் குற்றம் எழுதப்படுவதில்லை என்பது அபூதாவூத் முதலிய நூல்களில் வரும் ஹதீஸ். நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுதிருக்கிறார்கள் (புகாரி). ஸஜ்தாவில் இருக்கும்போது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதால், அவர் இறங்கும்வரை ஸஜ்தாவை நீட்டியிருக்கிறார்கள் (நஸாயீ). ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளில் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததையும், அதைப் பார்த்து நபி (ஸல்) அவர்கள் சிரித்ததையும் அபூதாவூதில் பார்க்கிறோம். வீட்டுக்குள் பிள்ளை குதித்ததற்கெல்லாம் "ஷைத்தான் வேலை" என்று அதட்டுகிற பெரியவர்கள் இந்தச் செய்திகளைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

பெருநாள் அன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டிகளோடு விளையாடிய செய்தி நமக்குத் தெரிந்ததுதான். ஆயிஷா (ரலி) அவர்கள் போதும் என்று சலிக்கும்வரை, நபி (ஸல்) அவர்கள் அவர்களைத் தமக்குப் பின்னால் நிற்க வைத்துப் பார்க்கச் செய்தார்கள். உமர் (ரலி) அவர்கள் சிறு கற்களை எடுத்து எறிந்து தடுக்கப் பார்த்தபோது, விட்டுவிடச் சொன்னார்கள். முஸ்லிமின் ஓர் அறிவிப்பில் அந்த விளையாட்டைக் குறிக்க வரும் அரபுச் சொல்லுக்குக் குதித்தாடுதல் என்ற பொருளும் உண்டு. ஆகவே உடலை அசைப்பதே மார்க்கத்துக்கு விரோதம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதே சமயம், இந்த ஹதீஸைக் காட்டி சினிமா டான்ஸுக்கு அனுமதி இருக்கிறது என்பது வலிந்து இழுப்பது. அது ஆண்கள் ஆயுதத்தோடு செய்த வீர விளையாட்டு. நம்மூர்ச் சிலம்பத்துக்கு அண்ணன் தம்பி என்று சொல்லலாம். குத்துப்பாட்டுக்கு அது சொந்தம் கிடையாது.

(ஜஃபர், அலீ, ஸைத் (ரலி) ஆகியோர் மகிழ்ச்சியில் ஒற்றைக் காலில் குதித்ததாக அஹ்மதில் வரும் செய்தியையும் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அதன் அறிவிப்பாளர் வரிசையை ஹதீஸ் கலை அறிஞர்கள் பலர் பலவீனம் என்கிறார்கள். எனவே அதை இங்கே ஆதாரமாக வைக்கவில்லை.)

இமாம்களின் கருத்தும் ஒன்றாக இல்லை. ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ அவர்கள், பெண்மைத்தனமான நெளிவு குழைவு இல்லாதவரை ஆடுவது ஹராம் ஆகாது என்று 'மின்ஹாஜ்' நூலில் எழுதியிருக்கிறார்கள். குர்துபீ அவர்களோ, பூமியில் செருக்கோடு நடக்க வேண்டாம் என்ற பனூ இஸ்ராயீல் அத்தியாயத்து வசனத்தின் விளக்கத்தில், ஆட்டத்தைக் கண்டிக்க அறிஞர்கள் இந்த வசனத்தை ஆதாரமாக எடுத்ததைப் பதிவு செய்கிறார்கள். ஹனஃபி நூல்களில் கண்டிப்பு கூடுதல். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபினரும், உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி மத்ஹபினரும் மிகுதி என்பதால், கேட்கும் ஆலிமைப் பொறுத்துப் பதில் சற்று மாறுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அனுமதித்தவர்களும் நெளிவு குழைவு என்ற இடத்தில் கோடு போட்டுவிட்டார்கள். இன்றைய ஆண்டு விழா டான்ஸில் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் இருக்கிறது.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் வந்த கவலை இல்லை. 2019 ஜூனில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் தொலைக்காட்சிகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. சினிமாவில் பெரியவர்கள் செய்த அசைவுகளை நடனப் போட்டிகளில் சின்னக் குழந்தைகள் செய்கிறார்கள், பல நேரம் அவை ஆபாசக் குறிப்போடு, வயதுக்கு ஒவ்வாதவையாக இருக்கின்றன, பிஞ்சு மனதை இவை கெடுக்கும், எனவே நிதானம் வேண்டும் என்பது அதன் சாரம். டி.வி. நிகழ்ச்சிக்கே அரசு இப்படிச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், நம் வீட்டு ஹாலில் நடப்பதைக் கவனிக்க வேண்டியது யார்? ஐந்து வயதுப் பெண் பிள்ளை உதட்டைக் கடித்துக் கண்ணடிக்கிறாள். சுற்றி இருக்கும் மாமி, சாச்சி எல்லோரும் சிரித்துக் கைதட்டுகிறார்கள். அந்த அசைவுக்கு என்ன அர்த்தம் என்று பிள்ளைக்குத் தெரியாது. தனக்குக் கைதட்டு எதற்குக் கிடைத்தது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அடுத்த முறை அதையே கூட்டிச் செய்வாள்.

ஆண் பிள்ளை ஆடினால் சூட்டிகை, பெண் பிள்ளை ஆடினால் வெட்கக்கேடு என்று பேசுவதும் நம்மிடம் இருக்கிறது. ஆறு வயதுப் பையன் சினிமாக் கதாநாயகன் போல சிகரெட் பிடிக்கும் பாவனையோடு ஆடுவது மட்டும் நல்ல பழக்கமா என்ன?

அடுத்தது செல்போன். ஆட்டத்தைவிடவும் இதுதான் இன்று பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்துவிட்டது. முன்பெல்லாம் பிள்ளை ஆடியதை வீட்டில் நாலு பேர் பார்த்தார்கள், அத்தோடு முடிந்தது. இப்போது வாப்பாவுக்கு என்று எடுத்த வீடியோ குடும்பக் குழுவுக்குப் போகிறது. அங்கிருந்து யாரோ ஒருவரின் ஸ்டேட்டஸுக்கு, அதிலிருந்து முன்பின் தெரியாதவர் கைக்கு. திரும்ப வாங்க முடியாது. அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பு படிக்கும்போது, உடன் படிப்பவர்கள் அதே வீடியோவைத் தேடி எடுத்துக் கேலி செய்யலாம். அதைவிட மோசமான ஆட்களும் இணையத்தில் இருக்கிறார்கள். வாப்பாவுக்குப் பிள்ளையைப் பார்க்க ஆசை என்றால் வீடியோ காலில் பேசட்டும். ஆடுவதை எடுத்து அனுப்பத்தான் வேண்டுமா?

சரி, எந்த வயதில் என்ன செய்வது? ஏழு வயதில் தொழச் சொல்லி ஏவுவது, பத்து வயதில் கண்டிப்பாக இருப்பது, படுக்கைகளைப் பிரிப்பது என்று மார்க்கம் ஏற்கெனவே ஒரு படிக்கட்டு கொடுத்திருக்கிறது. அது ஆட்டத்தைப் பற்றிச் சொல்லப்பட்டதில்லை. ஆனாலும் பெற்றோருக்கு நல்ல அளவுகோல். மூன்று, நான்கு வயதில் குதிப்பதைக் குதிக்க விடுங்கள், பாட்டை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுங்கள். ஆறு, ஏழு வயதில் ஏன் சில அசைவுகள் வேண்டாம் என்று சொல்லிப் புரிய வைக்கலாம். பத்து வயது நெருங்கும்போது, பிறர் முன்னால் ஆடுவது பற்றி வீட்டில் தெளிவாகப் பேசிவிட வேண்டும். நேற்று வரை கைதட்டிவிட்டு, பெரிய பிள்ளை ஆனதும் ஒரே நாளில் அடித்து நிறுத்துவது நியாயமே இல்லை. தன் மீது என்ன தப்பு என்று அந்தப் பிள்ளைக்குப் புரியாது.

கேரளத்தில் 2025 ஜூனில் நடந்ததையும் பார்க்க வேண்டும். போதைப்பொருளுக்கு எதிரான பிரச்சாரத்தின் ஒரு பகுதியாக அங்கே அரசு பள்ளிக்கூடங்களில் ஸும்பா என்னும் இசையோடு கூடிய உடற்பயிற்சியைக் கொண்டுவந்தது. ஆணும் பெண்ணும் கலந்து ஆடுவதையும் உடையையும் சுட்டிக்காட்டிச் சில முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. பிள்ளைகள் சீருடையில்தான் பயிற்சி செய்கிறார்கள் என்று கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி பதிலடி கொடுத்தார். பிறகு அது தொலைக்காட்சி விவாதமாகிப் பெற்றோர் கேட்ட சாதாரணக் கேள்வி காணாமல் போனது. இதே கேரளத்தில்தான் மாநிலப் பள்ளிக் கலைவிழாவில் ஒப்பனை, கோல்களி, தஃப்முட்டு எல்லாம் போட்டிகளாக நடக்கின்றன. இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்களிடம் பொல்லடி இருக்கிறது. கையில் கம்பை வைத்துக்கொண்டு, பாட்டுக்கு ஏற்ப அடித்து, வட்டமாகச் சுற்றி வரும் ஆட்டம். நம் சமுதாயத்துக்கு உடல் அசைவே ஆகாது என்ற பேச்சும், முஸ்லிம்கள் எல்லாவற்றையும் எதிர்ப்பவர்கள் என்ற பேச்சும் இவற்றைப் பார்க்காமல் பேசுகிற பேச்சு.

பிள்ளைக்கு ஓட்டமும் குதியும் கட்டாயம் வேண்டும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளைக்கு 180 நிமிடமாவது ஓடியாடி இருக்க வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் சொன்னது. நம் பகுதியில் சித்திரை, வைகாசி வெயிலில் காலை பதினோரு மணிக்கு மேல் தெருவில் கால் வைக்க முடியாது. ஐப்பசி மழையில் கரிசல் மண் செருப்போடு அப்பிக்கொள்ளும். பிள்ளை வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறது, கையில் போன். அதனால்தான் ஆட்டம் வேண்டாம் என்று சொல்கிற வீடு, பதிலுக்கு என்ன என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. நொண்டி, கிளித்தட்டு, பச்சைக்குதிரை, கயிறு தாண்டுதல், மொட்டை மாடியில் சாயங்காலம் சிலம்பம். பெண் பிள்ளைகள் தங்களுக்குள் கும்மி அடித்தால் அடிக்கட்டும். கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர். கூப்பிடு தூரத்தில் இருந்தும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் மட்டையைத் தொட்டிருக்கிறார்கள்?

இங்கே எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. டான்ஸ் கூடாது என்று ஆரம்பிக்கும் பேச்சு, பெண் பிள்ளை ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று போய் நிற்கிறது. எட்டு, ஒன்பது வயதோடு அவர்கள் விளையாட்டு முடிந்துவிடுகிறது. ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியிருக்கிறார்கள். முதல் தடவை ஜெயித்து, பிறகு ஒரு தடவை தோற்றதை அவர்களே சொல்கிறார்கள் (அபூதாவூத்). அதைப் பயானில் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் பிள்ளையை உட்கார வைத்தால் எப்படி?

கடைசியாகப் பள்ளிக்கூடத்தை எப்படிச் சமாளிப்பது என்பது. பாட்டு முடிவாகும் முன்பே, ஒத்திகை தொடங்கும் முன்பே போய் டீச்சரிடம் பேசுங்கள். விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பிள்ளையை விலக்கினால் வரிசை கெடும், டீச்சருக்கும் கோபம் வரும், பிள்ளை மற்றவர்கள் முன்னால் அழுதுகொண்டு நிற்கும். "எங்க மதத்துல கூடாது" என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடாமல், எது கூடும் என்பதையும் சொல்லுங்கள். நாட்டுப்பாட்டுக்குக் கோலாட்டம், உடற்பயிற்சி அணிவகுப்பு, சிலம்பம், பேச்சு, நாடகம் என்று எத்தனையோ இருக்கின்றன. அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழாவிலேயே ஆட்டத்தோடு ஓவியம், பேச்சு போன்ற போட்டிகளும் உண்டு. சினிமாப் பாட்டு பிடிக்காத பெற்றோர் மற்ற சமுதாயங்களிலும் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு போனால் அது மதப் பிரச்சினையாகத் தெரியாது. பாட்டை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டால் பிள்ளைக்கு வேறு வேலை கேட்டு வாங்குங்கள், மேடையில் வரவேற்புரை இரண்டு வரி சொல்வதாக இருந்தாலும் சரி. விழா அன்று வீட்டில் அடைத்து வைக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த இரண்டு வரியை மனப்பாடம் செய்ய வைக்கும் வேலை உம்மாவுக்கு ஒரு வாரத்துக்குக் குறையாமல் இருக்கும்.